தோளும் பயிற்சியும்

மனித உடலின் மூட்டுக்களுள் தோளுக்குத் தமிழர் அளித்த சிறப்பு பெரிது. வீரனைப் புகழ்ந்தவர்கள் அவன் தோளைப் புகழ்ந்தார்கள். உதவி செய்தவனைத் ‘தோள் கொடுத்தான்’ என்றார்கள். வளர்ந்த மகனைத் ‘தோளுக்கு மிஞ்சினால் தோழன்’ என்று மதித்தார்கள். இத்துணைப் புகழ் வாய்ந்த தோள்தான், உடற்கூற்று நூலார் கணக்கில், பெரிய மூட்டுக்களுள் மிக எளிதாக நழுவக்கூடியது என்பது நேயர்கள் பலருக்கு வியப்பாக இருக்கலாம். அந்தத் தோள் கெட்டபோது அதனை மீட்க மனிதர் எவ்வெவ்வழிகளைக் கையாண்டனர், அவ்வழிகள் நம் சென்னை நகரில் எவ்வாறு வந்து கூடின என்பதே இன்று நாம் காணப்போகும் வரலாறு.

முதலில் தோளின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். இடுப்பு மூட்டில், தொடையெலும்பின் தலை, ஆட்டுக்கல்லின் குழியில் குழவி அமர்வதுபோல ஆழமாக அமர்ந்திருக்கிறது. தோளிலோ, மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோட்பட்டை எலும்பின் ஓரத்திலுள்ள ஆழமற்ற சிறு கிண்ணம் ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சிறு தட்டின்மேல் வைத்த தேங்காய் என்றே அதனைச் சொல்லலாம். கை எந்நிலையில் இருந்தாலும் அவ்வுருண்டையின் ஒரு சிறு பகுதியே கிண்ணத்தில் படிகிறது. இக்குறையை ஈடு செய்ய, இயற்கை அக்கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி நாரும் குருத்தெலும்பும் கலந்த ஒரு வளையத்தை அமைத்திருக்கிறது. இலத்தீன் மொழியில் ‘உதடு’ எனப் பொருள்படும் ‘லேப்ரம்’ என்பது அதன் பெயர். கிண்ணத்தின் ஆழத்தில் ஏறத்தாழப் பாதி இவ்வளையத்தால் ஆவது. முன்கையை மடக்கும் தசையின் தசைநாண் ஒன்றும் இவ்வளையத்தின் மேற்புறத்தில் வந்து பற்றுகிறது. ஆகவே, கையை ஊன்றி விழுந்தாலும், கம்பியைப் பற்றித் திடீரெனத் தொங்க நேர்ந்தாலும், பந்தை ஆயிரக்கணக்கான முறை விசையோடு எறிந்தாலும் இவ்வளையம் கிழியக்கூடும். இதற்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைவு. ஆதலால் இஃது ஆறுவதும் மெதுவே.

இங்கேதான் மருத்துவ வரலாற்றின் பழைய வழக்கு ஒன்று எழுகிறது. புண்பட்ட மூட்டை அசைக்காமல் வைத்தால் கிழிந்தது கூடும், ஆனால் நெடுநாள் அசையாத தோளில் மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்கும், தசை மெலியும், முடிவில் புண் ஆறினாலும் கை எழாது. மாறாக, விரைந்து அசைத்தாலோ கூட வேண்டிய இடம் மீண்டும் கிழியும். ஓய்வா, அசைவா என்னும் இவ்வழக்கில் ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

நம் நாட்டுப் பழைய அறுவை மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, முறிந்த எலும்பை இழுத்து நேராக்கி, மரப்பட்டையும் மூங்கிலும் வைத்துக் கட்டும் முறைகளைக் கூறுகிறது. அத்துடன் நில்லாமல், அடிபட்ட உள்ளங்கை கூடிய பின் என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்லுகிறது. நோயாளி முதலில் சாண உருண்டையைக் கையில் பிடிக்கவேண்டும். பின்னர் மண்ணுருண்டையைப் பிடிக்கவேண்டும். கையில் வலிமை வந்தபின் கல்லைப் பிடிக்கவேண்டும். மெல்லியதில் தொடங்கி வலியதில் முடியும் இவ்வொழுங்கைக் கவனியுங்கள். இன்று உடற்பயிற்சிக் கூடத்தில் மென்மையான இரப்பர்ப் பந்தில் தொடங்கி எடைக் குண்டில் முடிக்கிறார்களே, அதன் தத்துவம் இம்மூன்று உருண்டைகளில் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டுச் சித்த மருத்துவத்தில், தைலமிட்டுப் பிடித்தும் அழுத்தியும் தட்டியும் செய்யும் ‘தொக்கணம்’ என்னும் முறை உண்டு. தென் மாவட்டங்களில் வர்ம ஆசான்மார் அடிபட்ட மூட்டைத் தடவிச் சரி செய்தார்கள். சென்னைவாசிகளுக்கோ எலும்பு முறிவு என்றதும் நினைவுக்கு வருவது புத்தூர்க் கட்டு. 1953 வரை சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்த சித்தூர்ப் பகுதியின் புத்தூரிலிருந்து இக்கலை வந்தது. பச்சிலை அரைப்பு, முட்டையின் வெண்கரு, துணி, மூங்கிற்பட்டை இவையே அதன் கருவிகள். ஊடுகதிர்ப் படம் 1895-க்குப் பிறகே உலகுக்குக் கிடைத்தது. அதற்கு முன் விரலின் உணர்வையே கண்ணாகக் கொண்டு எலும்பைச் சேர்த்தவர்களின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும், எலும்பின் முறிவைக் கண்டறிவது வேறு, குருத்தெலும்பின் கிழிசலைக் கண்டறிவது வேறு. பின்னது விரலுக்கும் அகப்படாதது. சாதாரண ஊடுகதிர்ப் படத்திலும் தோன்றாதது.

ஐரோப்பாவிலும் எலும்பு மருத்துவம் கட்டுப் போடுவோர் குடும்பங்களில் வளர்ந்ததே. லிவர்ப்பூல் நகரில் தொழில் புரிந்த ஹ்யூ ஓவன் தாமஸ் (1834–1891) அத்தகைய வேல்ஸ் நாட்டுக் குடும்பத்தில் தோன்றி, முறைப்படி மருத்துவம் பயின்றவர். இடையறாத நீண்ட ஓய்வே மூட்டு நோய்க்கு மருந்து என்பது அவர் கொள்கை. அதே நூற்றாண்டில் பிரான்சு நாட்டு லூக்கா ஷாம்பியோனியேர், எலும்பு முறிந்தவரையும் தேய்த்தும் அசைத்தும் குணப்படுத்தவேண்டும் என வாதாடினார். இருவரும் நோயாளிகளை நன்கு கவனித்தவர்களே. ஒருவர் கண்டது அசைவினால் வந்த கேடு. மற்றவர் கண்டது அசையாமையினால் வந்த கேடு.

இவ்விருவருக்கும் முன்பே சுவீடன் நாட்டில் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் பயிற்சியை ஒரு கல்வியாகவே அமைத்துவிட்டார். வாட்போர் ஆசிரியரான அவர், தம் கையிலிருந்த நோய் நாள்தோறும் செய்த வாட்பயிற்சியால் தணிந்ததைக் கண்டார் என்பர். 1813-இல் ஸ்டாக்ஹோமில் அவர் நிறுவிய உடற்பயிற்சிக் கழகம், நோயாளிக்கான பயிற்சியையும் ஒரு பாடமாகக் கற்பித்தது. 1894-இல் இங்கிலாந்தில் நான்கு செவிலியர் ஒன்று கூடி அமைத்த சங்கம், பிற்காலத்தில் அந்நாட்டு இயன்முறை மருத்துவர்களின் பெருஞ்சங்கமாக வளர்ந்தது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர் இத்தொழிலுக்குப் பெருந்தேவையை உண்டாக்கியது. போர்முனையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களின் கையும் காலும் மீண்டும் தொழில் செய்யவேண்டுமே! மருத்துவமனையிலேயே தொழிற்கூடம் அமைத்து, சுத்தியலும் இழைப்புளியும் பிடித்துக் கை பழகச் செய்தார்கள். அதனை முன்னின்று நடத்திய இராபர்ட் ஜோன்ஸ், முன்சொன்ன தாமஸின் மருமகன் முறையினரே. ஓய்வைப் போற்றிய குடும்பத்திலிருந்தே அசைவைப் போற்றியவரும் வந்தார்.

தோளைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர்களுள் இருவரை நாம் அறிந்திருத்தல் வேண்டும். 1923-இல் ஆங்கில அறுவை மருத்துவர் பேங்கார்ட், மீண்டும் மீண்டும் நழுவும் தோளில் கிண்ணத்தின் விளிம்பு வளையம் எலும்பினின்று பிரிந்திருப்பதே காரணம் என்று எடுத்துக் காட்டினார். மற்றவர் பாஸ்டன் நகரத்துக் காட்மன். 1934-இல் தோளைப் பற்றி மட்டுமே அவர் ஒரு பெருநூல் வெளியிட்டார். ‘உறைந்த தோள்’ என்று இன்று யாவரும் வழங்கும் பெயர் அவர் இட்டது. குனிந்து நின்று, கையைத் தளரத் தொங்கவிட்டு, ஊசற்குண்டுபோல் ஆடவிடும் பயிற்சியும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இக்காட்மன் வேறொரு கொள்கைக்காகவும் துன்பப்பட்டவர். சிகிச்சை பெற்றுச் சென்ற ஒவ்வொருவரையும் நெடுநாள் தொடர்ந்து கவனித்து, உண்மையில் குணமாயிற்றா என்று கணக்கெழுதவேண்டும் என அவர் வற்புறுத்தினார். உடன் தொழில் செய்தோர் பலருக்கு அது கசந்தது. ஆசிரியத் தொழில் செய்தவர்களுக்கு இது புதிதன்று. பாடம் நடத்தி முடித்தேன் என்பது ஒன்று. மாணவன் கற்றுக்கொண்டான் என்பது மற்றொன்று.

பின்னர்க் கருவிகள் வளர்ந்தன. 1918-இல் டோக்கியோவில் தகாகி என்பவர் முழங்கால் மூட்டுக்குள் குழாய்க் கருவியைச் செலுத்தி நோக்கினார். அவ்வழி வந்த கருவிகளால் தோளின் உட்புறமும் கண்ணுக்குத் தெரிந்தது. 1985-இல் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூஸும் அவர் குழுவினரும் பந்தெறிவோரின் தோளில், வளையத்தின் மேற்பகுதி கிழிந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். 1990-இல் ஸ்னைடர் என்பவர் அக்கிழிசலை நான்கு வகையாகப் பிரித்தார். நோயின் பெயர் தெளிவாயிற்று. ஆயினும், பெயர் தெரிந்த அளவில் கை எழுந்துவிடுவதில்லை. அதற்குப் பயிற்சி தருவோர் வேண்டும்.

அத்தகையோர் நம் நகருக்கு வந்த வழிகள் பல. 1920-இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் விளங்கும் அக்கல்லூரியில் பயின்றவர்கள் தென்னாட்டுப் பள்ளிகளெங்கும் சென்று, உடற்பயிற்சியை வெறும் அணிவகுப்பு என்ற நிலையிலிருந்து ஒரு பாடமாக உயர்த்தினார்கள்.

1952-இல் மைசூரிலிருந்து யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்தார். வாதத்தால் தாக்குண்ட ஒரு பெரிய சட்ட அறிஞருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்டு வந்தார் என்பர். மைலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் அவர் யோகம் கற்பித்தார். மைசூரில் இளைஞர்களுக்குக் கடுமையான ஆசனங்களைக் கற்பித்த அவர், இந்நகரில் முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அவரவர் உடல்நிலைக்கேற்பப் பயிற்சியை மாற்றி அமைத்துக் கொடுத்தார். ஆளுக்கேற்ற பயிற்சி என்னும் இக்கருத்தை, அவர் மகனார் தேசிகாச்சார் 1976-இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் தொடர்ந்து கற்பித்தது. கிருஷ்ணமாச்சாரியார் தம் 96-ஆம் வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்தார். அறுவையை அவர் ஏற்கவில்லை. படுத்தபடியே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார். 1989-இல், நூறு வயது கடந்து அவர் மறைந்தார். அறுவை வேண்டா என்று அவர் தமக்கெனச் செய்த முடிவை எல்லோர்க்கும் விதியாக்குதல் தகாது. படுத்த நிலையிலும் செய்வதற்கு ஒரு பயிற்சி உண்டு என்று அவர் கண்டதே நமக்குப் பாடம்.

மூன்றாவது வழி துயரத்தின் வழி. 1952-இல் பம்பாயில் இளம்பிள்ளை வாதம் பரவிப் பல குழந்தைகளை முடமாக்கியது. மறு ஆண்டே அந்நகரத்துக் கே.ஈ.எம். மருத்துவமனையில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இயன்முறை மருத்துவப் பள்ளி தோன்றியது. சென்னையில், துர்க்காபாய் தேஷ்முக் அம்மையார் வளர்த்த ஆந்திர மகிள சபை, அடையாற்றில் எலும்பு மருத்துவ நிலையம் ஒன்றை அமைத்து இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட குழந்தைகளைப் பேணியது. வேலூரில் மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை மாற்றிப் பொருத்தினார். மாற்றிய தசைநாணுக்குப் புதிய வேலையைக் கற்பிக்க ஒவ்வொரு கைக்கும் பல வாரப் பயிற்சி வேண்டியிருந்தது. அதே மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்தார். அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார். 2014-இல் இந்தியா இளம்பிள்ளை வாதம் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது. அந்நோய் சென்றது, அது விட்டுச் சென்ற கலை நம் தோளுக்கும் முழங்காலுக்கும் பயன்படுகிறது.

இவ்வரலாற்றில் எனக்கு அக்கறை பிறந்ததற்குக் காரணம் என் வலத்தோளே. பணி ஓய்வு பெற்றபின் ஒரு மழைநாளில் வீட்டு மாடிப்படியில் கால் வழுக்க, கைப்பிடிக் கம்பியைப் பற்றித் தொங்கினேன். விளிம்பு வளையம் கிழிந்திருக்கிறது என்று படம் எடுத்துப் பார்த்து மருத்துவர் கூறினார். என் வயதுக்கும் வேலைக்கும் கத்தி வேண்டியதில்லை. பயிற்சியே போதும் என்பது அவர் முடிவு. தியாகராய நகரில் ஒரு பயிற்சிக் கூடத்துக்கு வாரம் மூன்று நாள் சென்று வந்தேன். சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற பாடத்திட்ட முறை அங்கே என் தோளின்மீதே நடத்தப்பட்டது எனலாம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளியதிலிருந்து அரியதற்கு என்று அங்கே படிப்படியாகச் சென்றார்கள்.

முதற்படி, காட்மனின் ஊசல். ஒரு கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, நோயுற்ற கையைத் தொங்கவிட்டால் உடலின் அசைவால் அது தானே ஆடும், தசை உழைப்பதில்லை. இரண்டாம் படி, நல்ல கையின் உதவியால் மற்றக் கையை உயர்த்துதல். ஒரு கோலை இரு கையாலும் பற்றி மேலே தூக்குவார்கள். கதவின் மேல் மாட்டிய கப்பியில் கயிற்றை ஒரு கையால் இழுக்க, மறு கை எழும். மைலாப்பூர் வீடுகளில் கிணற்று இராட்டினம் இருந்த நாளில் இவ்வசைவு காலைதோறும் இலவசமாகக் கிடைத்துவந்தது. மூன்றாம் படி, விரல்களால் சுவரில் ஏறுதல். ஏறிய உயரத்தில் நாள்தோறும் ஒரு பென்சில் கோடு இட்டுவைத்தேன். நான்காம் படி, சுவரைக் கையால் அழுத்தி, கை நகராமலே தசையை இறுக்குதல். ஐந்தாம் படி, இரப்பர்ப் பட்டையை இழுத்துத் தோளைச் சுற்றியுள்ள சிறு தசைகளை வலுப்படுத்துதல். கிழிந்த வளையம் செய்துவந்த காவலை ஓரளவு அத்தசைகள் ஏற்றுக்கொள்கின்றன என்பதே இதன் உட்பொருள். இதனுடன் தோட்பட்டை எலும்பைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் பயிற்சியும் உண்டு; கிண்ணமே அவ்வெலும்பில் இருப்பதால், அது நிலைதவறினால் கையும் நிலைதவறும். என் கை முன்போல் தலைக்கு மேல் செல்ல ஏறத்தாழ ஆறு மாதம் ஆயிற்று. அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதற் சில வாரம் தூளிக்கட்டில் கை இருக்கும். அவர்கள் ஒழுங்கு வேறு. ஆகவே நேயர்கள் இப்படிகளை வரலாறாகக் கொள்க. தமக்குரிய மருந்தாகக் கொள்ளவேண்டாம்.

அக்கூடத்தில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளர் ஒருவரை அறிந்தேன். சாரத்திலிருந்து விழுந்து அவருக்கும் அதே காயம். “சார், கை தலைக்கு மேலே போனால்தான் எனக்குச் சோறு” என்று அவர் ஒருநாள் கூறினார். மூன்றாம் வாரத்தில் வலி குறைந்ததும் அவர் வருவது நின்றது. நாட்கூலியை விட்டுவிட்டு வர அவருக்கு வழியில்லை. மாதக்கணக்கில் நீளும் இச்சிகிச்சையின் விலை கட்டணத்தில் மட்டும் இல்லை. இழக்கும் வேலை நாட்களில் இருக்கிறது. வலி நின்ற நாளுக்கும் கை மீண்ட நாளுக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. அத்தொலைவைக் கடக்க வசதியுள்ளவன் கடக்கிறான். தோளை நம்பியே வாழ்பவன் பாதி வழியில் நின்றுவிடுகிறான். எனக்கோ கரும்பலகை வேலைகூட முடிந்துவிட்டது. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

உரிய காலம் கொடுக்கப்பட்ட தோள் என்ன செய்யும் என்பதற்கு இந்நகரமே சான்று கண்டது. 2001 மார்ச்சில் ஆஸ்திரேலிய அணி சேப்பாக்கத்தில் ஆடியபோது, தோள் அறுவையிலிருந்து மீண்டுகொண்டிருந்த சுழற்பந்து வீச்சாளர் அனில் கும்ப்ளே ஆடவில்லை. 2004 அக்டோபரில் அதே அணி அதே திடலுக்கு வந்தது. கும்ப்ளே முதல் ஆட்டத்தில் 7, இரண்டாம் ஆட்டத்தில் 6, ஆகமொத்தம் 13 விக்கெட்டுகள் எடுத்தார். அறுவைக்கும் அந்நாளுக்கும் இடையிலே எத்தனை பயிற்சி நாட்கள் இருந்திருக்கும்! அவற்றைப் பார்க்கக் கூட்டம் கூடியதில்லை. விளையாட்டு வீரருக்குப் பயிற்சி தருவோரும் காலமும் கிடைத்தன. வண்ணம் பூசுபவருக்கும் அவை கிடைக்கவேண்டும் என்பதில் ஐயமுண்டோ?

அதற்கான முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே சென்று இயன்முறைப் பயிற்சி அளித்தலும் ஒரு பகுதியாக வைக்கப்பட்டது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, இயன்முறை மருத்துவர் உள்ளிட்டோரின் கல்வியையும் பதிவையும் நாடு முழுவதற்கும் ஓர் ஒழுங்கின்கீழ்க் கொண்டுவர வழி செய்தது. படுக்கையில் கிடக்கும் முதியவர் வீட்டுக்குச் செல்லும் பயிற்சியாளர், வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் தொழிலாளியின் தோளுக்கும் ஒரு நேரம் ஒதுக்கும் நாள் வரவேண்டும். பயிற்சிக் கூடங்கள் இரவுப் பள்ளிகள்போல மாலையிலும் திறந்திருக்கவேண்டும். எழுத்தறியாத தொழிலாளிக்காக இந்நாட்டில் இரவுப் பள்ளி நடத்தியவர்கள் உண்டு; அதே தொழிலாளியின் கைக்காக அதனைச் செய்வது இயலாத செயலன்று.

ஓய்வா, அசைவா என்ற பழைய வழக்குக்கு நூற்றாண்டுகள் கழித்துக் கிடைத்த தீர்ப்பு, இரண்டும் வேண்டும், அளவறிந்து வேண்டும், முறையறிந்தவர் அருகிருந்து சொல்லித் தரவேண்டும் என்பதே. சாண உருண்டையிலிருந்து கல்லுக்குச் செல்ல நாள் பிடிக்கும். அந்நாட்களை நோயாளிக்கு அளிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. நேயர்களில் எவரேனும், நம் வீட்டிலோ தொழிற்கூடத்திலோ வேலை செய்யும் ஒருவர் தோளில் காயம்பட்டு நிற்கக் கண்டால், அவருக்கு வாரத்தில் சில மணி நேரம் கூலி குறையாமல் ஓய்வு கொடுங்கள். நம் மொழியில் ‘தோள் கொடுத்தல்’ என்பதற்கு இதனினும் நேரான பொருள் வேண்டியதில்லை.